எல்லோருக்கும் வாக்கு கேட்ட இரட்டைமலை சீனிவாசன்

ஜூலை 7 வந்தால் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனின் படத்துக்கு மாலை போடுகிறோம். செப்டம்பர் 18 வந்தால் நினைவு நாள் என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், ஆங்கிலேய மன்னரைச் சந்தித்தவர் என்று மேடையில் பெருமையோடு சொல்கிறோம். அவர் அங்கே போய் என்ன கேட்டார் என்பதை மட்டும் அதிகம் பேசுவதில்லை.

அதைப் பேச வேண்டியவர்கள் போடி மலையடிவாரத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டும் கம்பம்மெட்டும் தாண்டி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் காய் பறிக்கவும் களையெடுக்கவும் போகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்களில் நம் சேரிகளைச் சேர்ந்தவர்கள் ஏராளம். வீடு ஒரு மாநிலத்தில், வேலை இன்னொரு மாநிலத்தில். வாக்காளர் பட்டியலில் ஒரு திருத்தம் வந்தாலும், தேர்தல் தேதி மாறினாலும் முதலில் தடுமாறுவது இவர்கள்தான். சொத்தில்லாத கூலிக்காரருக்கும் வாக்கு வேண்டும் என்று 1930-ல் எழுதிக் கொடுத்த மனிதரின் வாழ்க்கை நமக்குப் பாடமாக இருக்க வேண்டும்.

மலையில் கணக்கெழுதியவர்

சீனிவாசன் 1859-ல் செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளம் கிராமத்தில் பிறந்தார். தந்தையின் பெயர் இரட்டைமலை. பிழைப்புக்காகவும் சாதிக் கொடுமைக்குத் தப்பியும் இடம் பெயர்ந்த குடும்பம் அது. கோயம்புத்தூரில் படித்தார். கூடப் படிக்கும் பிள்ளைகள் சாதி என்ன என்று கேட்டுவிடுவார்களோ என்று ஒதுங்கி ஒதுங்கி நடந்த பள்ளி நாள்களைப் பிற்காலத்தில் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் பதிவு செய்திருக்கிறார்.

படிப்பு முடிந்ததும் நீலகிரி மலையேறினார். அங்கே ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகச் சுமார் பத்து ஆண்டுகள் வேலை பார்த்தார். சமவெளியின் சேரிகளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக மலைத்தோட்டங்களுக்கு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. தன் சகோதரியை மணந்த அயோத்திதாசப் பண்டிதரும் நீலகிரியில் வளர்ந்து அங்கே பொதுப்பணி தொடங்கியவர். இருவருக்கும் பிற்காலத்தில் கருத்து வேறுபாடு வந்தது. ஆனாலும் நம் மக்களின் எழுத்தும் சங்கமும் தளிர்த்த இடங்களில் ஒன்று மலை என்பதை இந்த இருவரின் வாழ்க்கையும் காட்டுகிறது.

1890-ல் சீனிவாசன் சென்னைக்கு வந்தார். பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார். எந்தச் சொல்லைச் சொல்லி நம்மைத் தாழ்த்தினார்களோ, அதையே தலைப்பில் போட்டு விற்றார். மாத இதழாகத் தொடங்கி வார இதழாக வளர்ந்த அந்தப் பத்திரிகை 1900 வரை நடந்தது.

அந்த நாளில் நம் மக்களுக்கு வாக்கு கிடையாது. ஆட்சியாளரின் காதில் ஒரு செய்தி விழ வேண்டும் என்றால் மனு ஒன்றுதான் வழி. சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, சீனிவாசனின் சபை அதை எதிர்த்தது. கல்வி முழுக்க உயர்சாதியினர் கையில் இருக்கும்போது இங்கே தேர்வு நடந்தால் அதிகாரமும் அவர்களிடமே போய்ச் சேரும் என்பது சபையின் வாதம். 3,412 பேர் கையொப்பமும் கைநாட்டும் இட்ட, 112 அடி நீள மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. அந்த வாதத்தை இன்று நாம் ஏற்கலாம், மறுக்கலாம். வாக்குச்சீட்டு இல்லாத மக்கள் தங்கள் எண்ணிக்கையைக் காகிதத்தில் காட்டிய நிகழ்ச்சி என்ற அளவில் அது நம் தேர்தல் வரலாற்றுக்கு முன்னுரை.

வாக்கு பறிக்கப்பட்ட தேசத்தில்

1900-ல் லண்டன் போய் நேரில் முறையிடப் புறப்பட்டார். பயணம் ஆப்பிரிக்காவில் நின்றது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தக் கண்டத்தில் கழிந்தன. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். காந்திக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக் கொடுத்ததும் அங்கேதான் என்று பதிவு செய்திருக்கிறார்.

அவர் போவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1896-ல், நேட்டால் குடியேற்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. சொந்த நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் முறை இல்லாதவர்களுக்கு நேட்டாலிலும் வாக்குரிமை இல்லை என்றது அந்தச் சட்டம். இந்தியர் என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஆனால் சட்டம் பாய்ந்தது இந்தியர் மீதுதான். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்கள், கடை வைத்தவர்கள் எனப் பெரும்பாலோர் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

வாக்குரிமையைப் பறிக்க நினைப்பவர்கள் சாதியையோ நிறத்தையோ பெயர் சொல்லிப் பறிப்பது அரிது. வரி கட்டினாயா, நிலம் இருக்கிறதா, எழுதப் படிக்கத் தெரியுமா, எந்த ஊர்க்காரன் என்று கேட்பார்கள். கேள்வி எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும். பதில் சொல்ல முடியாமல் நிற்பது மட்டும் எப்போதும் ஒரே கூட்டமாக இருக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் வைத்துப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதும் இப்படித்தான். 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

நியமனத்தில் வந்த நாற்காலி

சீனிவாசன் 1921-ல் ஊர் திரும்பியபோது இங்கேயும் அதே கேள்விகள்தான் இருந்தன. 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்துக்குச் சட்டசபை வந்திருந்தது, தேர்தலும் நடந்திருந்தது. ஆனால் வாக்கு, நிலமும் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு. மொத்த மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேருக்குத்தான் அந்த உரிமை கிடைத்தது. 1921-ல் பெண்களுக்கு இருந்த தடையைச் சென்னை மாகாணம் நாட்டுக்கே முன்மாதிரியாக நீக்கியது. சொத்துத் தடை நீங்காததால் அந்தப் பயனும் சேரிப் பெண்ணிடம் வந்து சேரவில்லை.

அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்த போடி ஜமீன் ஊர்களை நினைத்துப் பார்ப்போம். நிலம் ஜமீனுடையது, பட்டா குடியானவருடையது. பண்ணையில் கூலிக்கு நின்ற நம் முன்னோருக்கு வீட்டு மனைகூடச் சொந்தமில்லை. வரி ரசீது காட்டச் சொன்னால் அவர்கள் எதைக் காட்டியிருப்பார்கள்?

ஆகவே தாழ்த்தப்பட்டோரின் உறுப்பினர்களை அரசே நியமித்தது. முதலில் எம்.சி. ராஜா வந்தார். 1923-ல் சீனிவாசனும் நியமன உறுப்பினரானார். மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரிலும் அய்யன்காளி நியமனத்தின் வழியாகத்தான் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குள் போனார். நியமனத்தில் கிடைத்த நாற்காலியை இவர்கள் வீணாக்கவில்லை. பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றில் எந்தச் சாதியாரும் புழங்கத் தடையில்லை என்ற தீர்மானத்தைச் சீனிவாசன் 1924-ல் சட்டசபையில் கொண்டு வந்து நிறைவேற்றினார். 1925-ல் அது அரசிதழில் வெளியானது. நம் ஊர்த் தெருக்களில் செருப்போடு நடக்கும் உரிமைக்கு எழுத்தில் உள்ள பழைய ஆதாரங்களில் அதுவும் ஒன்று.

ஆனாலும் நியமன உறுப்பினர் அரசுக்குத்தான் கடன்பட்டவர். கோழியாளத்து மக்களோ போடி மக்களோ அவரை அனுப்பவும் முடியாது, திரும்ப அழைக்கவும் முடியாது. இந்தக் குறையைச் சீனிவாசன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே உணர்ந்தார்.

லண்டனில் வைத்த கோரிக்கை

1930 நவம்பரில் முதல் வட்டமேசை மாநாடு லண்டனில் கூடியது. தாழ்த்தப்பட்டோர் சார்பில் போனவர்கள் இருவர். அம்பேத்கருக்கு அப்போது 39 வயது, சீனிவாசனுக்கு 71. மன்னர் கைகொடுக்க வந்தபோது தன்னைத் தீண்டத்தகாதவன் என்று சொல்லிச் சீனிவாசன் விலகி நின்ற கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தக் கதையைவிடப் பெரியது, இருவரும் சேர்ந்து சிறுபான்மையோர் குழுவிடம் கொடுத்த கோரிக்கை மனு.

தாழ்த்தப்பட்டோர் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது அது. அதற்கு இரண்டு வழி கேட்டார்கள். ஒன்று, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. இரண்டு, முதல் பத்து ஆண்டுகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பொது வாக்காளர் தொகுதியும் ஒதுக்கப்பட்ட இடங்களும் போதும் என்றார்கள். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. எல்லோருக்கும் வாக்கு என்ற ஏற்பாடு இல்லாமல் பொதுத் தொகுதியை எங்கள் விருப்பத்துக்கு மாறாகத் திணிக்கக் கூடாது என்றார்கள். 1931-ல் இரண்டாம் மாநாட்டில் இருவரும் கொடுத்த துணை மனுவிலும், இருபது ஆண்டுகள் கழிந்து, எல்லோருக்கும் வாக்கு வந்த பிறகே தனி வாக்காளர் தொகுதியைக் கைவிடலாமா என்று எங்கள் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று எழுதினார்கள்.

இதில் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்று பெரியகுளத்தையும் மலைமேல் தேவிகுளத்தையும் நாம் தனித்தொகுதி என்கிறோம். அங்கே வேட்பாளர் பட்டியல் சாதியினர், வாக்களிப்பவர்கள் எல்லாச் சாதியினரும். சீனிவாசனும் அம்பேத்கரும் கேட்டது வேறு. வேட்பாளரும் நம்மவர், அவரைத் தேர்ந்தெடுப்பவர்களும் நம்மவர் என்பது அது.

ஏன் அப்படிக் கேட்டார்கள்? ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் நூறு பெரியவர்கள் இருக்கிறார்கள், நாற்பது பேர் சேரி என்று வைத்துக்கொள்வோம். சொத்துள்ளவருக்கே வாக்கு என்றால் பட்டியலில் இருபது பேர் ஏறுவார்கள். சேரியில் ஒருவர் ஏறினாலே அதிசயம். மக்கள்தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு, பட்டியலில் இருபதில் ஒன்று. அந்தப் பொதுத் தொகுதியில் நம்மவரை நிறுத்தினாலும் அவர் மற்றவர் தயவில்தான் ஜெயிக்க வேண்டும். எல்லோருக்கும் வாக்கு வந்துவிட்டால் நாற்பதும் நாற்பதாகவே எண்ணப்படும். யாரும் அந்த நாற்பதைத் தாண்டிப் போக முடியாது. எனவே வயது வந்தோர் வாக்குரிமைதான் அடிக்கல், தனி வாக்காளர் தொகுதி அந்தக் கல் பதியும்வரை கேட்ட முட்டு என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

பூனாவில் பெற்றதும் விட்டதும்

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டின் வகுப்புவாரித் தீர்ப்பு வெளியானது. தாழ்த்தப்பட்டோருக்கு மாகாணச் சட்டசபைகளில் 71 தனி இடங்கள். பொதுத் தொகுதியிலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்பதால் இதை இரட்டை வாக்குரிமை என்கிறோம். காந்தி எரவாடா சிறையில் செப்டம்பர் 20-ல் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர், எம்.சி. ராஜா ஆகியோரோடு சீனிவாசனும் கையெழுத்திட்டார்.

இடங்கள் 71-லிருந்து 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 18-க்குப் பதிலாக 30. ஆனால் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லாச் சாதியினரும் என்றானது. நம் வாக்காளர்கள் முதலில் நால்வரைத் தேர்ந்தெடுக்கலாம், அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் முடிவு செய்வார்கள்.

பூனாவில் யார் தோற்றார், யார் விட்டுக்கொடுத்தார் என்று நாம் தொண்ணூறு ஆண்டுகளாக வாதாடுகிறோம். அந்த வாதத்தில் ஒன்று மறந்து போகிறது. எல்லோருக்கும் வாக்கு என்ற முதல் கோரிக்கையும் அப்போது நிறைவேறவில்லை. அதே 1932-ல் நாடு சுற்றிவந்த லோதியன் குழு, வயது வந்தோர் வாக்குரிமையை உடனே கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளரை ஏறத்தாழ 3 கோடியாக உயர்த்தியது. அப்போதும் சொத்து, வரி, எழுத்தறிவு என்ற தடைகள் நின்றன. லண்டனில் எதை நிபந்தனையாக வைத்தார்களோ அது இல்லாமலே பொதுத் தொகுதி வந்துவிட்டது. 1937 தேர்தலில் நம் 30 இடங்களின் வெற்றி தோல்வி நம் கையில் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீனிவாசன் 1936-ல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1945 செப்டம்பர் 18-ல் மறைந்தார். சென்னை ஓட்டேரியில் உள்ள அவர் நினைவிடத்துக்கு உரிமைக்களம் என்று பெயர். அவர் மறைந்து ஐந்தாண்டுகள் முடிவதற்குள் அரசியல் சட்டத்தின் 326-ஆம் பிரிவு வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்றது. சொத்துக் கேள்வி போயிற்று, எழுத்தறிவுக் கேள்வி போயிற்று. 1951-52 தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டவர்கள் பட்டியலில் இருந்தார்கள். இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன் சீனிவாசனோடு சேர்ந்து மனு எழுதிய அம்பேத்கர்தான் அந்த அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவர். கோரிக்கை எழுதிய கை அதைச் சட்டமாக எழுதியதை முதியவர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

சட்டம் வந்த பிறகும்

எழுதிய உரிமை தானாக நிற்காது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கடலுக்கு அப்பால் இலங்கையில், 1947 தேர்தலில் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பிய மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் 1948 குடியுரிமைச் சட்டத்தாலும் 1949 தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் வாக்கிழந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து போனவர்கள். மிச்சமிருந்தோருக்கும் குடியுரிமை கொடுத்து முடிக்க 2003 வரை சட்டம் தேவைப்பட்டது.

ஆண்டிப்பட்டி கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி வட்டாரம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் 2006 வரை முறையான தேர்தல் நடக்கவிடவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆளில்லை, ஜெயித்தவரும் உடனே பதவி விலகினார். அங்கே சட்டம் தடுக்கவில்லை, ஊர் தடுத்தது. 1997-ல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது அந்தப் பதவியில் உட்கார்ந்ததற்காகத்தான்.

இன்றும் சட்டத்திலேயே உள்ள தடை ஒன்று உண்டு. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, சிறையில் இருப்பவர் வாக்களிக்கக் கூடாது என்கிறது. தண்டனை பெற்றவருக்கு மட்டுமல்ல, விசாரணைக் கைதிக்கும் இதே விதி. ஜாமீனில் வெளியே இருப்பவர் வாக்களிக்கலாம். ஜாமீன் கட்டப் பணமில்லாதவர் வாக்களிக்க முடியாது. சிறைகளில் நம் மக்கள், மக்கள்தொகையில் உள்ள பங்கைவிட அதிகம் இருக்கிறார்கள் என்பதால் இது நமக்குச் சின்ன விஷயமல்ல. சொத்தைக் கேட்ட பழைய கேள்வி இங்கே சிறை வாசலில் நிற்கிறது.

மலையேறுகிறவர்களுக்கு

ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்குச் சட்டம் சொல்வதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். வழக்கமாக வசிக்கும் இடமே அந்தத் தொகுதி. வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே போனதாலேயே ஒருவர் தன் ஊரில் வசிப்பவர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்கும், பறிப்புக் காலத்தில் மட்டும் தோட்டத்தில் தங்கிவிட்டு ஊருக்கு வருகிறவருக்கும் போடியில் வாக்கு உண்டு. லயத்திலேயே குடும்பத்தோடு நிலையாகக் குடியிருப்பவர் இடுக்கியில் பதிந்துகொள்ளலாம். இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பது குற்றம். இரண்டு இடத்திலும் பெயர் இல்லாமல் போவது நமக்கு இழப்பு. 2025 இறுதியில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே நேரத்தில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது இந்த ஆபத்து கண்முன் வந்தது. படிவத்தோடு அலுவலர் பகலில் வரும்போது வீட்டுக்காரம்மா மலைமேல் இருப்பார்.

கூலிப் பிரச்சினையும் இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் இரு மாநிலங்களும் ஏப்ரல் 6-ல் ஒரே நாளில் வாக்களித்தன. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19-ல், கேரளம் ஏப்ரல் 26-ல் வாக்களித்தன. நமக்குத் தேர்தல் நாளாக இருந்தது தோட்டத்துக்கு வேலை நாள். ஆனால் 1951 சட்டத்தின் 135பி பிரிவு, வாக்களிக்கும் நாளில் தொழிலாளிக்குக் கூலியோடு விடுப்பு கொடுக்க வேண்டும் என்கிறது. தினக்கூலிக்கும் இது பொருந்தும். தொகுதிக்கு வெளியே வேலை பார்ப்பவருக்கும் பொருந்தும் என்று தேர்தல் ஆணையம் விளக்கியிருக்கிறது. மறுக்கும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். தொகை சிறிதுதான். கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது என்பதே நம் பலம்.

ஆகவே அடுத்த ஜூலை 7-ல் படத்துக்கு மாலை போடும் அன்றே வாக்காளர் பட்டியலையும் எடுத்து வைப்போம். தெருவில் பதினெட்டு நிறைந்த பெண், ஆண் ஒவ்வொருவர் பெயரையும் தேடுவோம். பெயர் இல்லையென்றால் படிவம் 6. முகவரி மாறியிருந்தால், பிழை இருந்தால் படிவம் 8. நம்மவர் பெயரை நீக்கச் சொல்லி யாரேனும் படிவம் 7 கொடுத்திருந்தால் விசாரணைக்குப் போய்ப் பதில் சொல்வோம். சந்தேகத்துக்கு 1950 என்ற எண்ணில் அழைக்கலாம். 112 அடி நீளத்துக்குக் கையொப்பம் வாங்கியவர் சீனிவாசன். நம் தெருப் பட்டியல் அவ்வளவு நீளம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பார்த்து முடித்துவிடலாம்.